நெருப்பு மலைத் தீவில் விடுமுறை

மாட்டுத்தாவணி என்று சொன்னவுடன் இன்று மதுரைவாசிகளின் மனக்கண் முன் வந்து நிற்பது பஸ் நிலையந்தான். ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு பழைய சரித்திரம் ஒளிந்திருக்கிறது. மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அதிலிருந்து கால்நடைச் சந்தைக்கும் அப்பெயர் வந்தது. சந்தையில் மாடு பிடிக்கிறவர் எப்படிப் பிடிப்பார் என்பதை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். முதலில் பல்லைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேச உட்காருவார்.

இந்தக் காலத்துக் குடும்பஸ்தர்கள் விடுமுறைக்கு இடம் பிடிக்கும் விதம் இதற்கு நேர் விரோதமாக இருக்கிறது. வர்ணப் படம் ஒன்றைப் பார்க்கிறார்கள். கரும்பாறையின் மேல் ஒரு யுவதி கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் புகை எழும்புகிறது. உடனே முன்பணம் கட்டியாகிவிடுகிறது! பல்லும் பார்ப்பதில்லை, சுழியும் பார்ப்பதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பார்கள். சொந்தக் காசைக் கொட்டிக் கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் இருப்பது என்ன மரியாதையோ, நமக்கு விளங்கவில்லை.

மதுரைச் சீமையாருக்குத் தைரியம் போதாது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் தைப் பொங்கலை ஒட்டிச் சீறி வரும் காளையின் திமிலைத் தழுவுகிறவர்கள் நம் பிள்ளைகளே அல்லவா? ஆனால் அங்கே கூட, வாடிவாசலுக்குள் இறங்குகிற வாலிபனை வைத்தியர் பரிசோதிக்கிறார், காளையையும் பரிசோதிக்கிறார்கள், வேடிக்கை பார்ப்பவர்களைக் காக்கத் தடுப்பு வேலி போடுகிறார்கள். வீரம் நிறைந்த ஊரில் இவ்வளவு முன்னேற்பாடு வேண்டியிருக்கிறது என்றால், யாரும் அறியாத தேசத்தில், மொழி தெரியாத ஊரில், எரிமலையின் தோளில் ஏறப் போகும்போது எவ்வளவு வேண்டும்?

எரிமலைத் தீவு என்றால் எங்கேயோ ஜப்பானில், ஹவாயில் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். நம் பாரத தேசத்துக்கே சொந்தமாக ஒன்று உண்டு. அந்தமான் கடலில், போர்ட் பிளேர் என்று வெகு காலம் வழங்கி 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பாரன் தீவு இருக்கிறது. ஜன சஞ்சாரம் அற்ற தீவு. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். 1787-இல் அது நெருப்பைக் கக்கியதாகக் குறிப்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, வெகு காலம் உறங்கிவிட்டு, 1991-இல் மறுபடியும் விழித்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் கூடக் குமுறியது. கப்பலில் இருந்தபடி சுற்றிப் பார்க்கலாமேயன்றி, உல்லாசப் பிரயாணிகள் கரையில் இறங்க அனுமதி இல்லை. ஆகவே எரிமலையைக் கண்ணால் கண்டால் போதும் என்கிறவர்களுக்குப் பாரன் தீவு. காலால் மிதிக்க வேண்டும் என்கிறவர்கள் கடல் கடந்துதான் போக வேண்டும்.

அப்படிப் போகிறவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல விரும்பும் தீவு ரெயூனியன். இந்து மகா சமுத்திரத்தில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட தீவு அது. விஸ்தீரணம் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அது நமக்கு அந்நியமான இடமும் அன்று. 1848 டிசம்பர் 20-ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860-இல் பிரிட்டிஷ் சர்க்காருடன் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் சென்னை மாகாணத்திலிருந்தும், பல்லாயிரம் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பட்ட துயரங்கள் கேட்கப் பொறுக்காமல், 1882-இல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அவர்களுடைய சந்ததியார் இன்று அங்கே 'மலபார்' என்று அழைக்கப்படுகிறார்கள். பெரும்பாலோர் நாவில் தமிழ் மறைந்துவிட்டது, ஆனால் காவடி மறையவில்லை, தீமிதியும் மறையவில்லை. பாஞ்சாலி அங்கே 'பாண்டியாலே' என்ற பெயரில் பூஜை பெறுகிறாள் என்றால், பாண்டி நாட்டாரான நமக்குச் சற்றே புன்னகை வருகிறது அல்லவா?

இன்னொரு தொடர்பும் உண்டு. அது மனிதர் தோன்றுவதற்கு முந்தியது. ரெயூனியன் தீவின் அடியில் பூமியின் ஆழத்திலிருந்து ஓயாமல் வெப்பம் பொங்கி எழும் இடம் ஒன்று இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னே நம் பாரத பூமி அந்த இடத்தின் மேலாக நகர்ந்துகொண்டிருந்தபோது பீறிட்டு வழிந்த குழம்பே இன்றைய தக்காணத்துக் கரும்பாறை என்பது நிலநூலாரில் மிகப் பலருடைய கருத்து. அஜந்தாவையும் எல்லோராவையும் எந்தப் பாறையில் குடைந்தார்களோ, அந்தப் பாறையைக் கொடுத்த அடுப்பு இன்றும் ரெயூனியனில் எரிந்துகொண்டிருக்கிறது. மாட்டுத்தாவணியில் நின்று பார்த்தால் தெரியும் நம் யானைமலை வேறு ஜாதி. பூமியின் ஆழத்தில் அழுந்தி வெந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மேலே வந்து குளிர்ந்து நிற்கும் கிழட்டு யானை. ரெயூனியன் மலையோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குட்டி.

அந்தத் தீவில் மலைக் கூட்டங்கள் இரண்டு. ஒன்று பித்தோன் தெ நேழ், அதாவது பனிச் சிகரம். உயரம் 3,070 மீட்டர். அது அணைந்துபோன மலை. மற்றொன்று பித்தோன் த லா ஃபூர்னேஸ், அதாவது உலைச் சிகரம். உயரம் 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் அது ஒன்று. பனிச் சிகரத்தைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று மாபெரும் பள்ளத்தாக்குகள் கிண்ணங்களைப் போலக் குழிந்திருக்கின்றன. இந்தச் சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் 2010-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இனி, வேடிக்கைகளைப் பார்ப்போம். அங்கே மலை ஏறலாம். அருவியில் கயிறு கட்டி இறங்கலாம். குடை விரித்து வானத்தில் மிதக்கலாம். பழைய நெருப்புக் குழம்பு ஓடிய சுரங்கங்களில் தவழலாம். கடலில் மூழ்கிப் பவளப் பாறையைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஐந்து நாளில் செய்துவிட வேண்டும் என்று புறப்படுகிறவர்கள் ஒன்றையும் சுகமாகச் செய்வதில்லை. ஒவ்வொன்றையும் பல்லைப் பிடித்துப் பார்த்துத் தேர்வதே புத்திசாலித்தனம்.

எரிமலை நடை

உலைச் சிகரத்தைப் பார்க்க, கொடைக்கானலைவிட உயரமான பா த பெல்கோம்ப் என்னும் விளிம்பு வரை மோட்டாரில் போகலாம். வழியில் செடி கொடி இல்லாத மணற்காடு ஒன்று வரும். சந்திர மண்டலத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். தாத்தா, அப்பத்தா, கைக்குழந்தை எல்லோரும் இவ்வளவு தூரம் வரலாம். விளிம்பில் நின்று கீழே பார்த்தாலே அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி ஏற்படும். இதுவே பலருக்குப் போதும்.

அதற்கு மேல் போக விரும்புகிறவர்கள் செங்குத்தான சுவரில் வெட்டிய படிகளில் இறங்கி, உறைந்த குழம்பின் மேல் இட்டிருக்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பின்பற்றி நடக்க வேண்டும். போய் வர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நிழல் இல்லை, தண்ணீர் இல்லை. காலையில் நிர்மலமாக இருக்கும் வானம் முற்பகலிலேயே மேகத்தால் மூடிக்கொள்ளும். மூடுபனியில் வெள்ளைப் புள்ளியைத் தவறவிட்டவன் கரும்பாறைச் சமுத்திரத்தில் திசை தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: நம் ஊர் மலைகளில் களைத்த பிறகு இறங்குகிறோம், இங்கே களைத்த பிறகுதான் அந்தப் படிகளை ஏற வேண்டும். பாதிச் சக்தி மீதி இருக்கும்போதே திரும்புகிறவர்தான் அங்கே கெட்டிக்காரர்.

மலை பொங்கும் அறிகுறி தெரிந்தால் அதிகாரிகள் இந்த வழியை அடைத்துவிடுவார்கள். 1979-இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் இரவு பகலாக மலையின் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு காசு செலவழித்து வந்தோமே என்று வேலியைத் தாண்டுகிறவர்களும் உண்டு. மலைக்கு நம் கணக்கு வழக்குத் தெரியாது.

மஃபாத் பள்ளத்தாக்கு

மஃபாத்துக்குள் மோட்டார் பாதையே கிடையாது. கால்நடையாகப் போக வேண்டும். அல்லது ஹெலிகாப்டரில் போக வேண்டும். உள்ளே சிறு சிறு கிராமங்களில் ஜனங்கள் வசிக்கிறார்கள்; தபாற்காரர் நடந்தே தபால் பட்டுவாடா செய்து வந்த இடம் அது. ஓர் இரவு தங்கித் திரும்பும் நடை, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு மிகவும் ஏற்றது. ஆபத்து குறைவு, ஆனால் முழங்கால்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

அருவியும் ஆகாயமும்

சிலாவோஸிலும் சலாசியிலும் மலை இடுக்குகளில் கயிறு கட்டி அருவியோடு இறங்கும் விளையாட்டு பிரசித்தமானது. பழகிய வழிகாட்டி இல்லாமல் இதில் இறங்குவது தற்கொலைக்குச் சமானம். வெயில் அடிக்கிறதே என்று நினைக்கக் கூடாது. மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்த மழை சில நிமிஷங்களில் காட்டாறாக வந்து சேரும். அந்தத் தீவின் மழை எத்தகையது தெரியுமா? 1966 ஜனவரியில் ஃபொக் ஃபொக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அது உலக சாதனை. மதுரையில் இரண்டு வருஷம் முழுவதும் பெய்யும் மழையை ஒரே நாளில் கொட்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

மேற்குக் கரையில் சான் லே என்னும் ஊரில், தேர்ந்த ஓட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குடையில் பறக்கலாம். பார்ப்பதற்குப் பயங்கரமாகத் தோன்றும் இந்த வேடிக்கைக்கு நம் உடல் வலு அதிகம் தேவையில்லை. மனத் துணிவு போதும். மலை ஏற முடியாத சில ஐம்பது வயதுக்காரர்கள் ஆகாயத்தில் ஆனந்தமாக மிதக்கலாம். ஆனால் காற்றுச் சரியில்லை என்று ஓட்டி சொன்னால், அவரிடம் வாதாடாமல் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும்.

கடல்

இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் கடல் குளித்த நமக்கு அங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2011 முதல் அந்தத் தீவைச் சுற்றிச் சுறாமீன்கள் மனிதரைத் தாக்கிப் பல உயிர்கள் பறிபோயின. 2013-இல் சர்க்கார் உத்தரவு போட்டு, குளிப்பதையும் அலைச்சறுக்கையும் பவளப் பாறைக்கு உட்பட்ட களப்பிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். கரையில் நட்டிருக்கும் பலகையைப் படித்த பிறகே காலை நனைக்க வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை திமிங்கிலங்கள் அந்தப் பக்கம் வருவதால், படகில் இருந்தபடி அவற்றைத் தரிசிப்பது குழந்தைகளுக்கு மறக்க முடியாத காட்சியாகும்.

ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். மூழ்கி எழுந்தவுடன் உயர்ந்த மலைக்குப் போவதோ விமானம் ஏறுவதோ கூடாது. ஆழத்தின் அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த காற்று, மேலே போகப் போகக் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் மூளையையும் வாட்டும். பதினெட்டு மணி நேரமாவது, முடிந்தால் ஒரு முழு நாளாவது இடைவெளி வேண்டும். காலையில் கடல், மாலையில் எரிமலை என்று நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. முதலில் மலை, பிறகு கடல், அதன் பிறகு ஒரு நாள் ஓய்வு, கடைசியில் விமானம்: இதுவே சரியான வரிசை.

எப்போது போவது?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவங்கள் தலைகீழ். மதுரையில் அக்கினி நட்சத்திரம் வறுத்தெடுக்கும் மே மாதத்தில் அங்கே மழை ஓய்ந்து இதமான குளிர் ஆரம்பிக்கும். ஆகவே கோடை விடுமுறை மிகவும் உசிதம். டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயலும், 2025 பிப்ரவரியில் கராஸ் புயலும் அத்தீவைத் தாக்கின. அரைப் பரீட்சை விடுமுறைக்குப் போகலாம் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மே மாதமானாலும் மலை மேல் விடியற்காலையில் பல் கிட்டும். ரப்பர்ச் செருப்பும் பருத்தி மேலாடையும் போதா.

கேட்க வேண்டிய கேள்விகள்

வேடிக்கை காட்டுகிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வழிகாட்டிக்குச் சர்க்கார் அங்கீகாரம் உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? இன்று காலை மலையின் நிலைமையும் வானிலையும் என்ன? பாதியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எந்த வழியாகத் திரும்புவது? நிகழ்ச்சி ரத்தானால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ண வேண்டாம். பணம் திரும்பாது என்ற பயந்தான் பல பேரை வேண்டாத வேளையில் மலை ஏற்றுகிறது.

மூன்றாவது கேள்வியின் அருமையை நியூஜிலாந்து தேசத்து வக்காரி தீவு உலகத்துக்குக் காட்டிவிட்டது. 2019 நவம்பரில் அந்த எரிமலைத் தீவின் எச்சரிக்கை நிலையை உயர்த்தினார்கள். ஆயினும் உல்லாசப் படகுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. டிசம்பர் 9-ஆம் தேதி பிற்பகலில் தீவில் 47 பேர் இருந்தபோது எரிமலை வெடித்தது. 22 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் கொடிய தீக்காயங்களோடு பிழைத்தார்கள். அவர்கள் யாரும் வேலி தாண்டிப் போனவர்கள் அல்லர். பணம் கட்டி, வழிகாட்டியோடு, நம்பிப் போனவர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தேனிப் பக்கம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வார விடுமுறைக்கு மலை ஏறிய வாலிபர்களும் பெண்களும் இறங்கி வரும்போது காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பலரை மதுரைக்குத்தான் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, வழிகாட்டிகளோடு திறந்து வைத்தது. காட்டுத் தீ மூளும் மாதங்களில் பாதைகளை மூடி வைப்பதும் வழக்கமாயிற்று. அன்னிய தேசத்து ஏற்பாடுகளைப் புகழும் நாம், நம் நாட்டிலும் நல்ல ஏற்பாடு வரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் வேண்டும்.

ரெயூனியன் தமிழரின் தீமிதியைப் பற்றிச் சொன்னோம். பூக்குழி இறங்குகிறவர் காப்புக் கட்டி, விரதம் இருந்து, உடலையும் மனத்தையும் பல நாள் பக்குவப்படுத்திக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இறங்குகிறாரே என்பதற்காக யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. சாகசப் பிரயாணத்துக்கும் இதே தர்மம் பொருந்தும். குடும்பத்தில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யலாகாது. குடும்பத் தலைவிகள் பலர், பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாதென்று முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். பிறகு ஒரு மாதம் படுக்கையில் கிடப்பார்கள். எல்லாரிலும் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைதான் அன்றைய நடை என்று முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது. முடியாதவர்களுக்கு என்று தனியாக ஓர் இன்பத்தையும் வைக்க வேண்டும். 1977-இல் உலைச் சிகரத்தின் குழம்பு சாந்த் ரோஸ் பக்கத்துக் கிராமத்தில் வீடுகளை அழித்துக்கொண்டு வந்து, மாதா கோயிலின் வாசல் வரை நெருங்கி, இரு பக்கமும் பிரிந்து ஓடியது. கோயில் தப்பியது, முன்னதாகவே வெளியேறிய ஜனங்களும் தப்பினார்கள். அந்த உறைந்த குழம்பை மோட்டாரில் போய்ப் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்கலாம்.

டிக்கட் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குடும்பத்தோடு அழகர்கோவிலுக்குப் போங்கள். கள்ளழகரைச் சேவித்துவிட்டு, பழமுதிர்சோலையைக் கடந்து நூபுர கங்கை வரை மலைப் பாதையில் நடந்தே ஏறுங்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய காலணி கடிக்கிறது, யார் தண்ணீரை முதல் அரை மணியிலேயே குடித்துத் தீர்க்கிறார், யார் பின்தங்கியவருக்காக நின்று காத்திருக்கிறார் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறும் போங்கள்; அதற்கு அடுத்த ஞாயிறும் போங்கள். எட்டாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, எரிமலையா, பள்ளத்தாக்கா, ஆகாயமா, திமிங்கிலமா என்று பேசி முடிவு செய்யுங்கள். அப்பத்தாவையும் கேளுங்கள். சந்தையில் மாடு பிடித்த அனுபவம் அந்த வீட்டில் ஒருவேளை அவருக்குத்தான் இருக்கும்.